க-ம-ச வீட்டு வாசல்

துளசிமணி காபியோடு ஜன்னலோரம் உட்கார்ந்ததும் வாசல் பேசத் தொடங்கும். வாசல் என்பது கதவல்ல. வீட்டுக்கு வரும் அழைப்புகளை வாங்கி, யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்று முடிவு செய்யும் மென்பொருள். இரவில் அழைத்தவர்கள் எல்லாரும் எழுத்துத் தரகர்கள் என்று அது அன்றும் சொன்னது. வேறு யாரும் இல்லையா என்று அவளும் வழக்கம்போலக் கேட்டாள். இல்லை என்றது. அந்தப் பதினாலாம் மாடி வீட்டில் நாள் முழுவதும் நடக்கும் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான்.

திருப்பூர் என்றில்லை, உலகத்தில் எங்கேயும் ஒரு மனிதரைப் பிடிக்க இப்போது மூன்று எழுத்து வேண்டும். பழைய காலத்து டொமைன் பெயரும் ஃபோன் நம்பரும் வீட்டு விலாசமும் ஒன்றாகிப்போய் முகவெழுத்து என்று ஆகிவிட்டது. ஆளின் பெயரை வைத்து அவருடைய எழுத்தைத் தேடக்கூடாது என்று சட்டம். எழுத்து தெரிந்தால் ஆள் உண்டு, தெரியாவிட்டால் இல்லை. விற்றுவிட்டால் அடுத்த நிமிஷம் அது வேறொருவருடையது. பழையவரைத் தேடி வரும் அழைப்பும் புதியவருக்குத்தான் போகும்.

எழுத்துகளுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு வந்தது. கம்பெனிகள் தங்கள் பெயரின் முதலெழுத்துகளைத் தேடி அலைந்ததில் க, ம, ச, ப எல்லாம் முதல் வகுப்பு ஆயின. ழ, ள, ண என்று எந்தக் கம்பெனிப் பெயரும் தொடங்குவதில்லை. அவை நாலாம் வகுப்பு. மேடையில் ழகரத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறவர்கள்கூட வீட்டுக்கு அது ஒட்டாமல் பார்த்துக்கொண்டார்கள். நம் ஆட்களுக்கு இதெல்லாம் சொல்லியா தர வேண்டும்?

துளசிமணியின் முகவெழுத்து க-ம-ச. எழுத்துகளைச் சும்மா கொடுத்த காலத்தில் அவள் கணவர் வரிசையில் நின்று வாங்கியது. மகள் மதுவந்திக்கும் அப்படியே ஒரு முதல் வகுப்பு எழுத்து வாங்கி வைத்துவிட்டுத்தான் அவர் இறந்தார். மதுவந்தி அதை விற்றுத்தான் வடகடலில் மிதக்கும் நகரத்துக்கு வேலைக்குப் போனாள். அப்பன் கொடுத்ததை விற்றாளே என்று துளசிமணிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கிளம்புகிற அன்று மகள் முகத்தைக்கூடப் பார்க்காமல், "ஏதாச்சும் குப்பை எழுத்துல இருந்து கூப்பிட்டீன்னா நான் எடுக்க மாட்டேன்," என்றாள்.

மகள் ஊர் போய்ச் சேர்வதற்குள் துளசிமணிக்குக் கோபம் போய்விட்டது. மகளின் புதிய எழுத்து என்னவென்று தெரியவில்லை. ஆனால் அம்மாவின் எழுத்து மகளுக்குத் தெரியும். என்றைக்காவது கூப்பிடுவாள். அதற்காகத்தான் எத்தனை தரகர் வந்தும் துளசிமணி க-ம-சவை விற்காமல் வைத்திருந்தாள். அதன் மதிப்பு ஏற ஏற வரியும் ஏறியது. நகையெல்லாம் போனது. அழைப்பு மட்டும் வரவில்லை. அவ்வளவு வைராக்கியம் பிடித்தவளா என் பெண் என்று அழுது ஓய்ந்து, கடைசியில் கயல் மகளிர் சட்டை என்ற பனியன் கம்பெனிக்கு விற்கச் சம்மதித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்காக எழுத்தை மதிப்பிடச் சென்னியப்பன் நேரில் வந்தார். நடுவயதுக்காரர், மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். புறப்படும் முன் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தாரே, ஏன் கூப்பிடவில்லை என்று துளசிமணி கேட்டாள்.

"கூப்பிட்டனுங்கம்மா, நாலு தடவ. இன்னைக்கு ஆபீஸ் லீவுங்க, அதான் வீட்டு எழுத்துல இருந்து கூப்பிட்டேன். உங்க வாசல் உள்ள விடலீங்க."

"அது ஏந் தம்பி?"

"எங்க வீட்டு எழுத்துல ழ இருக்குதுங்க," என்று அவர் சிரித்தார். எழுத்துக்கு விலை போடுகிறவருக்கே வாங்க முடிந்தது அவ்வளவுதான் என்றார். பிறகு, இது தெரியாதா என்பதுபோல விளக்கினார். நாலாம் வகுப்பு எழுத்து மலிவு என்பதால், கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சரக்கு விற்கிற விளம்பரக்காரர்கள் அவற்றை மொத்தமாக வாங்கிவிட்டார்கள். அதனால் முதல் வகுப்பு வீடுகளின் வாசல் எல்லாமே நாலாம் வகுப்பைத் தானாகவே தள்ளிவிடும். வகுப்புப் பிரித்த நாளிலிருந்தே அப்படித்தான். தொந்தரவில்லாமல் இருப்பதால் யாரும் அதை மாற்றச் சொல்லிக் கேட்டதில்லை.

மதுவந்தியும் நாலாம் வகுப்பு எழுத்துதானே வாங்கியிருப்பாள் என்று துளசிமணிக்கு அப்போதுதான் உறைத்தது. தள்ளிவிட்ட அழைப்புகள் எங்காவது பதிவாகியிருக்குமா என்று கேட்டாள். இல்லையாம். குப்பையை யார் எடுத்து வைப்பார்கள் என்றார்.

"கூப்பிடறவங்களுக்கு என்ன கேக்கும்?"

"ஒண்ணும் கேக்காதுங்க. மணி அடிச்சுட்டே இருக்கும். நீங்க எடுக்கலன்னுதான் நெனச்சுக்குவாங்க."

மகள் ஒருமுறை கூப்பிட்டிருக்கலாம். வாரம் தவறாமல் கூப்பிட்டிருக்கலாம். அம்மா சொன்னதைச் செய்துவிட்டாள் என்று நினைத்துக் கூப்பிடுவதை நிறுத்தியிருக்கலாம். கூப்பிடாமலேயே இருந்திருக்கலாம். இனி அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. மதுவந்தி வைராக்கியக்காரி என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்ததுதான் துளசிமணிக்கு நெஞ்சை அறுத்தது.

விற்கவில்லை என்று சொல்லிச் சென்னியப்பனை அனுப்பிவிட்டாள். வரிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டே அவர் போனார். வாசலைக் கூப்பிட்டு, எந்த எழுத்திலிருந்து யார் அழைத்தாலும் உள்ளே விடச் சொன்னாள். அது எச்சரித்தது. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் வரும், பெரும்பாலும் மனிதர்களே அல்ல, இயந்திரக் குரல்கள் என்றது. வரட்டும் என்றாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் மணி ஓய்வதில்லை. கடன் வேண்டுமா என்கிறார்கள், மனை வேண்டுமா என்கிறார்கள், முட்டிவலிக்குத் தைலம் என்கிறார்கள். துளசிமணி ஒன்றையும் விடுவதில்லை. காபி ஆறிப்போகிறது. மறுமுனையில் யார் என்று கேட்பதற்கு முன்பாகவே, அவள் ஒவ்வொரு தடவையும் ஒரே வார்த்தையைச் சொல்கிறாள்.

"எடுத்துட்டேன் கண்ணு."

மறுமுனை ஒரு கணம் தயங்குகிறது. அவள் காத்திருக்கிறாள். பிறகு தண்ணீர் வடிகட்டியின் விலையை அது சொல்லத் தொடங்குகிறது. ஒருவேளை நடுவில் குரல் மாறுமோ என்று முடியும்வரை கேட்டுவிட்டு, அவள் அடுத்த அழைப்பை எடுக்கிறாள்.