ரத்தத்தில் ஒரு பூட்டு

பிணம் மல்லாந்து கிடந்தது!

கண் பாதி திறந்திருந்தது. வால் கூண்டுக் கம்பிக்கு வெளியே தொங்கியது.

ஆமாம்... எலிதான். சிரிக்காதீர்கள். அந்த எலியின் சாவால் ஒரு மனிதனின் வேலை போகவிருந்தது.

எலி அவளுடைய ஆராய்ச்சி எலி. ஆய்வுக்கூடத்தில் அந்த விஞ்ஞானிக்குப் 'புயல்' என்று பெயர். வந்த வேகத்தில் எலியை அறுத்து, ரத்தக்குழாயை லென்சுக்கு அடியில் வைத்தாள்.

குழாய் முழுக்கக் கொழுப்பு!

புயல் இன்னொரு முறை குனிந்து பார்த்தாள். அவள் கண்டுபிடித்த மருந்து போட்ட எலி அது. அடைப்பே வந்திருக்கக் கூடாது.

ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பைத் தின்று துப்புரவு செய்கிறவை மேக்ரோஃபேஜ் செல்கள். தின்றது செரிக்காவிட்டால் அவற்றுக்குக் கோபம் தலைக்கேறும். அழற்சி கிளம்பும், அடைப்பு வளரும். புயலின் மருந்து அந்தக் கோபத்தைக் கிளப்பும் மரபணுக்களை மாற்றாது. அவற்றின் மேல் ஒரு ரசாயனப் பூட்டைப் போடும், அவ்வளவுதான். மருந்தை நிறுத்தினாலும் பூட்டு மாதக்கணக்கில் நிற்கும்.

ஆய்வுக்கூட டைரக்டர் தாம்தூம் என்று குதித்தார். ஊசி போட்டவன் ஒழுங்காகப் போடவில்லை, மாதம் முடிந்ததும் அவன் வெளியே போகலாம் என்றார்.

ஊசி போட்டவன்... புயலின் கணவன்!

"நான் ஒரு நாள்கூடத் தவறவிடலை. நீயாவது நம்புறியா?" என்றான்.

"வீட்டுக்குப் பால் வாங்க மறப்பீங்க. எலிக்கு ஊசி போட மறக்க மாட்டீங்க."

மருந்து பாட்டிலைச் சோதித்தாள்.

சுத்தமான தண்ணீர்!

யாரோ மருந்தை எடுத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறார்கள். எலிக்குப் போடுகிற மருந்தை எடுத்து என்ன செய்வார்கள்? தன் ரத்தக்குழாயை நினைத்து நடுங்குகிற ஆள், தானே போட்டுக்கொள்ளலாம்!

புயல் மூச்சு விடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மனித ரத்தம் வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அந்தக் கூடத்தில் அது வழக்கம்தான். ரத்தம் தேவைப்பட்டால் ஆளுக்கு ஆள் சட்டைக் கையைச் சுருட்டுவார்கள். டைரக்டர்தான் முதல் ஆளாகக் கையை நீட்டினார். தன்னைவிட ஆரோக்கியமான ஆள் இங்கே யார் என்று பீற்றிக்கொண்டார்.

ரத்தத்திலிருந்து ஆளுக்கொரு தட்டில் மேக்ரோஃபேஜ்களை வளர்த்தாள். செத்த கிருமியின் சக்கையைப் போட்டுச் சீண்டினாள். எல்லாத் தட்டிலும் செல்கள் கொதித்தன.

ஒரே ஒரு தட்டு... பரம சாது!

அதன் மரபணுக்களைப் பார்த்தாள். அவளுடைய பூட்டு, அச்சு அசலாக!

கணவனைக் கையோடு இழுத்துக்கொண்டு டைரக்டர் அறைக்குள் நுழைந்தாள். விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

"அடைப்பு ஆரம்பிச்சிருக்குன்னு டாக்டர் சொன்னார்மா... பயந்துட்டேன். ஆனா நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சே, ரத்தத்துல ஒண்ணும் இருக்காதுன்னு நினைச்சேன்."

"மருந்து போயிடுச்சு சார். பூட்டு போகலை."

நிர்வாகக் குழுவிடம் தானே உண்மையைச் சொல்லிவிடுவதாக அவர் தலைகுனிந்து ஒப்புக்கொண்டார். கணவனின் வேலை தப்பியது. புயலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

போகிற போக்கில், புது ஸ்கேனில் அடைப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று டைரக்டர் முனகினார்.

வெளியே வந்ததும் கணவன் கவலையோடு கேட்டான்.

"அப்போ எலிகளுக்குப் போனதெல்லாம் தண்ணியா? மருந்து வேலை செய்யுதான்னே தெரியாதா?"

புயல் சிரித்தாள்.

"எலியில நிரூபிக்கத்தான் இன்னும் ஒரு வருஷம் ஆகும். பெருச்சாளியில நிரூபிச்சாச்சு!"