ரத்து செய்ய ஆள் இல்லை

கும்மிடிப்பூண்டி போலீஸ் ஸ்டேஷனில் டெலிபோன் அலறியது.

எஸ்.ஐ. கன்னியம்மா எடுத்தாள். சென்னையிலிருந்து ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் மண்டல மேனேஜர்.

"மேடம்... எங்க கும்மிடிப்பூண்டி கிளை மேனேஜர் வீரராகவனைக் காணோம். செல்லு ஆஃப். கடத்திட்டாங்க."

"கடத்தினாங்கன்னு எப்படி சொல்றீங்க?"

"காலையில அவர் கையெழுத்தோட ஆஸ்பத்திரிக்கு ஒரு ஃபேக்ஸ் போயிருக்கு. ஒரு சிகிச்சைக்குப் பணம் தர சம்மதம்னு. அவர் அப்படி சம்மதிக்கிற ஆளே இல்ல. மிரட்டி வாங்கியிருக்காங்க. உடனே கண்டுபிடிங்க. அவர் சம்மதிச்சதை அவர்தான் ரத்து பண்ணணும். எங்க ரூல் அப்படி."

அவருக்கு அவசரம் ஆளைப் பற்றியா, ரத்தைப் பற்றியா என்று கன்னியம்மாவுக்குப் புரியவில்லை.

அரை மணியில் வீரராகவனின் கார் கிடைத்தது. சிப்காட் சாலையோரம். கதவு பூட்டவில்லை.

ஸ்டீயரிங்கில் ரத்தம்.

கான்ஸ்டபிள் முனுசாமி எட்டிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். "மேட்டரு முடிஞ்சுபோச்சு போல மேடம்."

"தொப்பியைப் போடுங்க. பாடி கெடைக்கட்டும், அப்புறம் கழட்டலாம்."

கிளை அலுவலகத்தில் க்ளார்க் ஹெலன் மட்டும் இருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"நேத்து மத்தியானம் ரஷீத்னு ஒருத்தர் வந்து சத்தம் போட்டாரு மேடம். இரும்பு மில்லுல கிரேன் ஓட்டறவரு. அவர் பொண்ணு நஜ்மாவுக்கு ஒன்பது வயசு. தொண்டையில புண்ணு வந்து காய்ச்சல் அடிச்சுச்சாம். காய்ச்சல் போனதும் குழந்தையே மாறிடுச்சாம். கண்ணு துடிக்குது, கையைக் கழுவிக்கினே இருக்குது, தொண்டையில அடைச்சுக்கும்னு பயந்து சோறு எறங்கல..."

"மனசுல கோளாறா?"

"எங்க சாரும் அதான் சொன்னாரு. மனநோய்க்குப் பாலிசியில இடம் இல்லன்னாரு. டாக்டர் சொல்றது வேற. கிருமியை அடிக்கப் போன உடம்போட சக்தி, ஆள் தெரியாம மூளையை அடிக்குதாம். இது உடம்பு நோய்தானாம். மருந்து ஏத்தினா சரியாகுமாம்."

"ரஷீத் இன்னா சொல்லிட்டுப் போனான்?"

"'எம்புள்ளை கூட ஒரு நாள் இருந்து பாரு சார், அப்ப தெரியும்'னாரு."

ஜீப் அத்திப்பட்டுக்குப் பறந்தது.

ரஷீத்தின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டியதும் அவனே திறந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். பல நாள் தூங்காத கண்கள்.

"மேனேஜரு எங்கப்பா?"

"எனக்குத் தெரியாது மேடம்."

"புள்ள எங்க?"

"மெட்ராஸ் ஆஸ்பத்திரில. காலையிலதான் சேத்தோம். அவங்கம்மா குல்சும் கூட இருக்குது."

"புள்ள அங்க. பொண்டாட்டி அங்க. நீ இங்க யாருக்குக் காவலு?"

ரஷீத் வாசலை மறித்து நின்றான்.

உள்ளே யாரோ இருமினார்கள்.

கன்னியம்மா அவனைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது.

போன கை அப்படியே நின்றது.

ரஷீத்தின் லுங்கியைக் கட்டிக்கொண்டு, பாயில் சம்மணமிட்டு, இடியாப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார் ஒரு பெரிய மனிதர். இடது கையில் கட்டு.

"வீரராகவன்?"

"நான்தாம்மா."

"யாரு சார் உங்களை அடைச்சு வெச்சது?"

"யாரும் இல்ல. நானேதான் ஒளிஞ்சிக்கிட்டிருக்கேன்."

முனுசாமி சுவரில் சாய்ந்துகொண்டார்.

"கார்ல ரத்தம்?"

வீரராகவன் கட்டைப் பார்த்தார். "நேத்து சாயந்திரம் இங்க வந்தேன். சத்தம் போட்டா போலீஸ்ல சொல்லுவேன்னு இவரை மிரட்டத்தான் வந்தேன். குழந்தை ஓரமா உக்காந்திருந்தா. பேரு கேட்டுக் கன்னத்தைத் தொட்டேன். கடிச்சிட்டா. அடுத்த நிமிஷமே அழுதுக்கிட்டு, என்னைக் குழாயடிக்கு இழுத்துட்டுப் போய்க் கையைக் கழுவிவிட்டா. கழுவினா, கழுவினா, கழுவிக்கிட்டே இருந்தா. 'போதும்மா'ன்னேன். 'எனக்கும் போதும் அங்கிள், கைதான் நிக்க மாட்டேங்குது'ன்னா..."

காயம் காலையில் ஸ்டீயரிங் பிடித்தபோது மறுபடி பிளந்துகொண்டதாம்.

"இத்தனை வருஷமா இப்படி வந்தவங்களை எல்லாம் மனநோய்னு முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினேன். காலையில முதல் வேலையா உடம்பு நோய்னு எழுதி சம்மதம் அனுப்பினேன். மேல இருக்கறவங்க ரத்து பண்ணுன்னு போன் போடுவாங்க. முடியாதுன்னு நேருக்கு நேர் சொல்ற தைரியம் எனக்கு இல்ல. அதான் காரை வழியில விட்டுட்டு, ரயிலேறி இங்க வந்துட்டேன். மருந்து ஏத்த ஆரம்பிச்சிட்டா அப்புறம் யாராலயும் நிறுத்த முடியாது. கொஞ்ச நேரம் என்னைக் கண்டுபிடிக்காம இருக்க முடியுமாம்மா?"

"வேலை போயிடும் சார்."

"போகட்டும். ஒரு புள்ளைக்காக நான் ஒளிஞ்சுக்கலாம். இதே நோய் வந்த எல்லாப் புள்ளைங்களுக்காகவும் ஒளியணும்னா அத்திப்பட்டுல வீடு பத்தாது. கம்பெனிங்க குடுத்தே ஆகணும்னு சட்டமே வரணும்."

கன்னியம்மாவின் செல் அடித்தது. மண்டல மேனேஜர்.

ரஷீத் அவள் முகத்தையே பார்த்தான். கெஞ்சக்கூட இல்லை.

அவள் வாசலுக்குப் போனாள்.

"தேடிக்கினு கீறோம் சார்."

திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தாள். ரஷீத் அவளுக்கும் ஒரு தட்டு வைத்தான்.

ரஷீத்தின் செல் அடித்தது. காதில் வைத்துக் கேட்டான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மருந்து ஏறுதாம்" என்றான். முகத்தை மூடிக்கொண்டான்.

வீரராகவன் எழுந்து லுங்கியை இறுக்கிக் கட்டினார். "இப்ப கண்டுபிடிச்சிடலாம்மா."

கன்னியம்மா சென்னைக்குப் போன் போட்டாள்.

"உங்க மேனேஜர் கெடைச்சிட்டார் சார். பத்திரமா இருக்கார்."

"கடத்தினவன் சிக்கினானா?"

"சிக்கினான் சார். கடத்தினவர் பேரு வீரராகவன். கடத்தப்பட்டவர் பேரும் வீரராகவன். ரெண்டு பேரும் சமாதானமாப் போயிட்டாங்க... கேஸ் நிக்காது சார்."