ஓத்தோ... ஒரு பச்சைக் காசு!

காளியப்பன் செத்துவிட்டார்.

அதை நம்புவதற்கு ஹேமநாதனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கையிலிருந்த பையைப் பார்த்தான். முரட்டு ஜீன்ஸ் துணியில் தைத்த பை. உள்ளே கனம் கனமாக ரோமாபுரிக் காசுகள். அத்தனையும் வெண்கலம். ஒரே ஒரு முறைதான் ஓங்கி வீசினான்!

"அண்ணே... விளையாடாதீங்க லா! எந்திரிங்கண்ணே!"

காளியப்பன் விளையாடுகிற நிலையில் இல்லை. பின்மண்டையிலிருந்து ரத்தம் மெதுவாகத் தரையில் இறங்கிக்கொண்டிருந்தது.

எல்லாம் அந்த ஓத்தோவால் வந்த வினை!

ஓத்தோ, ரோமாபுரியின் முதல் பன்னிரண்டு சீஸர்களில் ஒருவர். சிம்மாசனம் சூடேறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். ரோமில் அவர் பேரில் வெண்கலக் காசு அடிக்கக்கூட நேரமில்லை. எங்கோ தூரத்தில், அந்தியோக்கியாவில் அடித்த கொஞ்சம்தான் உண்டு. பன்னிரண்டு சீஸரையும் வெண்கலத்திலேயே சேர்ப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களைத் தூங்கவிடாமல் அடிக்கிற ஆள் இவர்தான்.

கூலாயில் ஹேமநாதன் வீட்டு அலமாரியில் மற்ற பதினோரு பேரும் காத்திருந்தார்கள்.

இன்று காலை ஓத்தோ தபாலில் வந்து இறங்கியது. சிகாமட்டில். காளியப்பன் வீட்டில்!

"எனக்குக் குடுத்துடுங்கண்ணே. என் வரிசையில அவர் ஒருத்தர்தான் பாக்கி."

"என் வரிசையிலயும் அவர்தான்டா பாக்கி! பார்த்தாச்சுல்ல? கிளம்பு. ஆத்துல தண்ணி ஏறுது."

"கும்பிட்டுக் கேக்கறேண்ணே."

"கும்பிட்டா குடுக்க இதென்ன கோயில் பிரசாதமா?"

சொல்லிவிட்டுக் காளியப்பன் சிரித்தார். திரும்பிக்கொண்டும் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் அவருடைய கடைசிச் சிரிப்பு.

ஹேமநாதன் மேசையிலிருந்த ஓத்தோவை எடுத்தான். பச்சைப் பசேலென்று ஒரு முகம். டிஷ்யூவில் சுற்றி, இடது சாக்ஸுக்குள் திணித்துக்கொண்டான்.

இனி ஓட வேண்டியதுதான்.

படிக்கட்டுக்கு வந்தவன் அப்படியே நின்றான்.

ஹாலைக் காணோம்! சோபா மிதந்துகொண்டிருந்தது. பழுப்பு நிறத் தண்ணீர் படிகளில் பாதியை விழுங்கியிருந்தது. வாசலில் நிறுத்திய அவனுடைய காரின் கூரை மட்டும் தெரிந்தது.

ஹேமநாதனுக்கு நீச்சல் தெரியாது.

ஜன்னல்களுக்கு ஓடினான். எல்லாவற்றிலும் இரும்புக் கிரில். பால்கனிக்கு ஓடினான். அங்கேயும் கிரில்! பூட்டு தொங்கியது. சாவியைக் காணோம். திருடன் உள்ளே வரக்கூடாது என்று போட்ட கம்பிகள், கொலைகாரனை வெளியே விட மறுத்தன.

'சரி... பதறாதே. வெள்ளம். வழுக்கும் படிகள். வயசான மனுஷன். விழுந்துட்டார். யார் சந்தேகப்படப் போறாங்க?'

காளியப்பனை இழுத்துவந்து படிக்கட்டின் உச்சியில் போட்டான். தரையில் இருந்த ரத்தத்தைத் துடைத்தான். துடைத்த துணியை வெள்ளத்தில் விட்டான். அது ஆனந்தமாக நீந்திப் போனது.

அடுத்தது பை. கையை நீட்டி, விரல்களை விரித்தால் போதும். ஆற்றுச் சேறு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

விரல்கள் விரியவில்லை!

பையில் இருந்தவை காளியப்பனின் வரிசையில் சேராத மிச்சக் காசுகள்தான். ஆனாலும் நீரோ இருந்தார். வெஸ்பாசியன் இருந்தார். ரெண்டாயிரம் வருஷம் மண்ணுக்குள் கிடந்து பச்சையும் பழுப்புமாகத் தோல் போர்த்திக்கொண்ட காசுகள். அந்தத் தோல்தான் அவற்றின் உயிர். தேய்த்தால் போச்சு. ஈரத்தில் கிடந்தால் வெளிறிய பச்சைத் தூளாக நோய் பிடித்து உதிரும். காசு சேர்க்கிறவர்கள் அவற்றை ஈரக்கையால்கூடத் தொடமாட்டார்கள்.

ஒரு மனிதரைக் கொன்ற கையால் ஒரு நீரோவைத் தண்ணீரில் போட முடியவில்லை. ஹேமநாதன் அப்படிப்பட்ட ஆள்!

போர்வை அலமாரியைத் திறந்தான். பையை அடித்தட்டில் செருகி, மேலே இரண்டு போர்வைகளைப் போட்டான்.

டுர்ர்ர்ர்...

மோட்டார் படகின் சத்தம்! கீழே படகுக்காரர் யாரிடமோ கத்தினார்.

"அக்கா! பக்கத்து லோரோங் சந்துல ஒரு அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க! அவங்கள ஏத்திட்டு வந்துடறோம். அங்கிள ரெடியா இருக்கச் சொல்லுங்க!"

"சரிப்பா!"

படகு போய்விட்டது. கழுத்தளவு தண்ணீரில் நீந்தி வந்து, படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து ஏறி வந்தாள் புஷ்பவள்ளி. காளியப்பனின் மனைவி. ஓய்வு பெற்ற நர்ஸ். நேற்றிலிருந்து பள்ளிக்கூட மண்டபத்தில், வெள்ளத்துக்குத் தப்பி வந்தவர்களுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவள்.

"ஏங்க... கிளம்புங்க! மருந்தெல்லாம் எடுத்து..."

பார்த்துவிட்டாள்.

"அண்ணி..." ஹேமநாதன் குரலை உடைத்துக்கொண்டான். "அண்ணன்... படியில வழுக்கி... என் கண்ணு முன்னாலயே அண்ணி!"

புஷ்பவள்ளி கத்தவில்லை. மண்டியிட்டாள். கழுத்தில் இரண்டு விரல் வைத்தாள். வைத்த விரலை எடுக்காமல் வெகுநேரம் அப்படியே இருந்தாள். நாடி இல்லை என்று தெரிந்த பிறகும் அந்த விரல்களுக்கு வர மனமில்லை.

"எந்தப் படியில தம்பி?"

"தண்ணிக்குப் பக்கத்துப் படியில. நான்தான் மேல தூக்கிட்டு வந்தேன்."

"பாவம், தனியா தூக்கினீங்களா?"

"ஆமா அண்ணி."

அவள் கை காளியப்பனின் சட்டையை ஒருமுறை தடவிப் பார்த்தது. பிறகு எழுந்தாள்.

"பசியாறினாரா?"

"தெ... தெரியலையே அண்ணி. நான் வந்து கொஞ்ச நேரம்தான் ஆச்சு."

"போலீஸுக்குச் சொல்லணும் தம்பி. இப்படிப் போனவங்கள போலீஸ் பார்க்காம எடுக்க விடமாட்டாங்க."

"சொல்லுங்க அண்ணி, சொல்லுங்க. முறைப்படி நடக்கட்டும்."

அவனுடைய பேச்சு அவனுக்கே பிடித்திருந்தது.

அவள் காளியப்பனின் போனில் பேசினாள். விழுந்துவிட்டார் என்று மட்டும் சொன்னாள். அடுத்த படகில் வருகிறார்களாம்.

"இப்படியே கிடத்த வேணாம். ஒரு போர்வை எடுத்துட்டு வர்றேன்."

போர்வை!

ஹேமநாதன் அவசரமாகக் குறுக்கே வந்தான்.

"நான் எடுக்கறேன் அண்ணி..."

"எது எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது தம்பி."

போய்விட்டாள். அலமாரிக் கதவு திறக்கும் சத்தம். பிறகு மௌனம். பிறகு... இன்னும் மௌனம்!

ஹேமநாதன் கீழே பார்த்தான். தண்ணீர் இன்னொரு படி ஏறியிருந்தது. முன்னால் வெள்ளம். பின்னால் கம்பி. நடுவில் பிணம். எலிப்பொறியில்கூட ஒரு வாசல் இருக்கும்.

கதவு மூடும் சத்தம். புஷ்பவள்ளி வெள்ளைப் போர்வையோடு வந்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கணவனைப் போர்த்தினாள். கழுத்துவரைதான் போர்த்தினாள்.

"நீங்க உட்காருங்க தம்பி. எனக்கு ஒரு வேலை இருக்கு."

ஹேமநாதன் மூச்சு விட்டான். அவள் பார்க்கவில்லை!

கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் வந்தது.

சரக்... சரக்... சரக்...

கூடவே ஒரு வாசம். புளி!

குளியலறைக்கு ஓடினான். வாசலிலேயே கால்கள் நின்றுவிட்டன.

புஷ்பவள்ளி சின்ன ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் பிளாஸ்டிக் பேசின். அது நிறையப் புளித்தண்ணீர். பக்கத்து வாளிக்குள் அந்த ஜீன்ஸ் பை! முழங்கைவரை பேசினுக்குள் விட்டு எதையோ தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எ... என்ன பண்றீங்க அண்ணி?"

"நெத்திக் காசு வைக்கணும்ல தம்பி. ஊர்ல எல்லாருக்கும் சாதாரணக் காசு வைப்பாங்க. இவருக்கு இவர் சேர்த்த காசையே வைக்கலாம்னு பார்த்தேன். இந்தப் பையில கைநிறைய இருந்துச்சு. ஆனா ஏதோ கருஞ்சிவப்பா அப்பியிருந்துச்சு லா."

ஹேமநாதன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"வெள்ளம் வருதுன்னு சமையல் சாமானெல்லாம் மேல கொண்டுவந்து வச்சிருந்தேன். புளி கையில கிடைச்சுது. சாமி விளக்கு தேய்க்கிற மாதிரி தேய்ச்சா பளபளன்னு வந்துடும்ல?"

சரக்... சரக்...

ஐயோ! நீரோ!

ரெண்டாயிரம் வருஷத்துப் பச்சைத் தோல் புளித்தண்ணீரில் உரிந்துகொண்டிருந்தது! 'நிறுத்துங்க!' என்று கத்த அவன் வாய் திறந்தே விட்டது. தன் தோலையே யாரோ நாரால் தேய்ப்பதுபோல் எரிந்தது.

அப்போதுதான் மூளை குறுக்கே வந்தது.

'மடையா! அவள் எதைத் தேய்க்கிறாள்? ரத்தத்தை! உன்னைத் தூக்கு மேடைக்கு அனுப்பும் ரத்தத்தை, செத்தவனின் மனைவியே தன் கையால் கழுவுகிறாள்! வாயை மூடு!'

வாயை மூடினான். நாக்கைக் கடித்துக்கொண்டான். பேசினைப் பார்க்கச் சகிக்காமல் சுவரைப் பார்த்தான்.

"தம்பி, உங்களுக்கு இதெல்லாம் தெரியுமே. இப்படித் தேய்க்கலாம்தானே?"

"தே... தேய்க்கலாம் அண்ணி."

"கெட்டுப்போயிடாதே?"

"சேச்சே! நல்லா தேய்ங்க. கையில இருக்கறது மட்டும் போதாது. பையில இருக்கறதையும் கொட்டித் தேய்ச்சுடுங்க. பையையும் சோப்பு போட்டு அலசிடுங்க."

நாரின் சத்தம் நின்றது.

புஷ்பவள்ளி மெதுவாக நிமிர்ந்தாள். அந்தப் பார்வையில் ஒரு மனைவியும் இருந்தாள். முப்பது வருஷம் காயங்களைப் பார்த்த ஒரு நர்ஸும் இருந்தாள்.

"பையையுமா தம்பி?"

அவளுக்குத் தெரிந்துவிட்டதா? தெரியவில்லையா? வாளி அவள் காலடியில். குளியலறை சின்னது. வெளியே ஆள் அரவம் இல்லை. படிக்கட்டில் தண்ணீர். வெள்ளத்தில் ஒருவர் போகலாம் என்றால் இருவரும் போகலாம்!

ஒரு அடி முன்னால் வைத்தான்.

"குடுங்க அண்ணி. நானே அலசறேன்."

"வேணாம்."

"குடுங்கன்னு சொல்றேன்ல!"

டுர்ர்ர்ர்...

படகு!

"அக்கா! மேலதான இருக்கீங்க?"

"மேல வாங்க சார்!" புஷ்பவள்ளி கத்தினாள். அன்றைக்கு அவள் கத்தியது அதுதான் முதல் தடவை. "சீக்கிரம் வாங்க!"

இன்ஸ்பெக்டர் சுப்ஹான் இரண்டு கான்ஸ்டபிள்களோடு சொட்டச் சொட்ட ஏறி வந்தார். புஷ்பவள்ளி வாளியைத் தூக்கி அவரிடம் நீட்டினாள்.

"இதுதான் சார் அவரை அடிச்ச பை. போர்வைக்குக் கீழ ஒளிச்சு வச்சிருந்தாங்க. வாளிக்குள்ள இறக்கினதோட சரி. உள்ள இருக்கற ஒரு காசையும் நான் தொடல."

ஹேமநாதன் விழித்தான்.

"என்ன அண்ணி பேசறீங்க? இப்பத்தானே தேய்ச்சீங்க!"

புஷ்பவள்ளி பேசினைக் கவிழ்த்தாள்.

காசுகள் தரையில் ஓடின. சின்னச் சின்னக் காசுகள். மெல்லிய காசுகள். ஒவ்வொன்றிலும் ஒரு செம்பருத்திப் பூ! செம்பருத்தி போட்டுக் காசடித்த சீஸர் யாரும் கிடையாது.

மலேசியாவின் பழைய ஒரு சென்! டப்பாவில் கிடந்து கறுத்தவை. இப்போது பளபளவென்று சிரித்தன.

"அவர் சட்டை காய்ஞ்சே இருந்துச்சு சார். தண்ணிக்குப் பக்கத்துல விழுந்தாராம்! அப்பவே சந்தேகம். பையைப் பார்த்ததும் பாதி புரிஞ்சுது. ஆனா வெள்ளத்துக்கு முன்னால இன்னும் யார் யார் வந்து போனாங்களோ, எனக்கு எப்படித் தெரியும்? அதான் தேய்ச்சுப் பார்த்தேன்."

"தேய்ச்சா என்னக்கா தெரியும்?" சுப்ஹான் கேட்டார்.

"காசு சேர்க்கிற ஆளு என்னைப் பார்த்து அலறியிருக்கணும் சார்! ஒருநாள் ஈரக்கையால ஒரு காசைத் தொட்டேன்னு என் வீட்டுக்காரர் என்கூடப் பேசாமலே இருந்தாரு. பாதி சோத்துல எந்திரிச்சுப் போனாரு. இவரும் அதே பைத்தியம்தான். ஆனா இவர் நல்லா தேய்ங்கன்னாரு. பையையும் அலசுங்கன்னாரு..." அவள் குரல் உடைந்தது. "அந்தக் காசை விட பெரிய பயம் ஒண்ணு இருந்தாத்தான் சார் அப்படி வாய் வரும்!"

அதற்கு மேல் முடியவில்லை. சுவரில் சாய்ந்தாள். அடக்கி வைத்திருந்த அத்தனை அழுகையும் அப்போதுதான் வந்தது.

"சார், இதெல்லாம் ஒரு ஆதாரமா?" ஹேமநாதன் எகிறினான். "வாயை மூடிக்கிட்டு இருந்தது ஒரு குற்றமா லா?"

"குற்றமே இல்ல. பையில இருக்கற ரத்தம் பேசட்டும். பையோட வாயில இருக்கற உங்க விரல் ரேகை பேசட்டும்." சுப்ஹான் குனிந்து பார்த்தார். "அது கிடக்கட்டும்... இடது காலை ஏன் தூக்கித் தூக்கி வைக்கறீங்க?"

சாக்ஸ் கழன்றது.

டிஷ்யூ பிரிந்தது.

பச்சை முகத்தோடு ஓத்தோ வெளியே வந்தார். அன்று காலைதான் ஒரு வீட்டுக்கு வந்தவர், அதற்குள் அடுத்த வீட்டுக்குக் கிளம்பத் தயாராக இருந்தார்.

ஹேமநாதனின் கைகளில் விலங்கு விழுந்தது. அவன் விலங்கைப் பார்க்கவில்லை. ஓத்தோவைப் பிடித்திருந்த கான்ஸ்டபிளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஈரம் சொட்டும் கை!

"சார்... சார்! அந்தக் காசு... ஈரக்கை சார்! தயவு செஞ்சு யாரும் தேய்ச்சுடாதீங்க. கழுவிடாதீங்க சார்!"

சுப்ஹான் அவன் தோளைத் தட்டினார்.

"கவலையே படாதீங்க லா. கிடைச்ச சாமானைக் கழுவாம, துடைக்காம, காலாகாலத்துக்கும் பத்திரமா வச்சிருக்கறதுல உங்களை விடப் பெரிய பைத்தியம் எங்க டிபார்ட்மெண்ட்!"