பின்தளத்து வடிகால்

விடிய விடிய மழை பெய்திருந்தும் படகின் அடிக்குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. யோசெப்பினுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு, பின்தளத்துக்குக் கீழே சாமான் வைக்கும் அறைக்குள் தலையை நுழைத்து டோர்ச்சை மேலே பிடித்தபோது, போன கிழமை வடிகாலைச் சுற்றி அவள் அழுத்திப் பூசிய வெள்ளைப் பசை முழுவதும் சுரண்டி எடுக்கப்பட்டிருப்பதைக் கண்டாள். இறுகி ரப்பரைப் போல ஆகிவிட்ட பசை அது. தானாக உரியாது. வடிகாலின் விளிம்பைச் சுற்றி வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தது. இரவு பெய்த மழை அந்த வழியாக உள்ளே இறங்கியிருக்க வேண்டும். இறங்கிய தண்ணீர் எங்கே போனது?

கண்ணாடியிழைப் படகு, அவளைவிட வயது கூடியது. ஹவுகெட்டோவில் இருக்கும் அவர்களுடைய வீட்டிலிருந்து இறங்கினால் ஃபியோர்ட் என்கிற கடல்நீரேரிக் கரையில் ஒரு சின்னப் படகுச் சங்கம் இருக்கிறது. அதன் முற்றத்தில், மரக்கட்டைகள் மேல் ஏற்றி நிறுத்தியிருந்தாள். தளத்தில் விழும் மழைநீரை வெளியே அனுப்ப வேண்டிய வடிகால் தளர்ந்து, உள்ளே கசிந்து, தளத்தின் கண்ணாடியிழைக்கு நடுவிலிருந்த மரம் கறுத்து உளுத்துப் போயிருந்தது. யோசெப்பின் செயற்கைப் பல் செய்யும் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள். பிசின் குழைப்பது அவளுக்குப் புதிதல்ல. வேலை முடிந்து வந்து உளுத்ததையெல்லாம் கிண்டி எடுத்தாள், பிசின் விட்டு நிரப்பினாள், புது வடிகால் பொருத்தினாள். வருகிற சனிக்கிழமை படகைத் தண்ணீரில் இறக்க வேண்டும்.

பசை இப்படிப் போவது இது முதல் தடவை அல்ல. முன்பு நடந்தபோது, குளிரில் சரியாக இறுகவில்லை என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அந்தச் சாமான் அறைக் கதவுக்குப் புதிய ஆமைப்பூட்டுப் போட்டு, திறப்பைத் தன் கைப்பையிலேயே வைத்திருந்தாள். அந்தக் கைப்பை எங்கே தொங்கும் என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரியும்.

அவளுடைய கணவன் அருட்செல்வத்துக்குப் படகு வாங்கியது பிடிக்கவில்லை. சிறுவனாக இருந்தபோது, சண்டைக்குத் தப்பி, ஓர் இரவில் படகில் கிளாலிக் கடலேரியைக் கடந்து வந்தவன். அதன்பிறகு, எதிரே தெரிகிற தீவுகளுக்குக்கூட அவன் கப்பல் ஏறியதில்லை.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவள் அவனுடைய நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படகடிக்குப் போனனீங்களோ?"

"நானோ? எனக்கென்ன விசரே."

"பசையை ஆரோ சுரண்டிப்போட்டினம்."

அவன் புட்டைப் பிசைவதை நிறுத்தினான். நகங்கள் சுத்தமாக இருந்தன. அளவுக்கு மீறிய சுத்தம் என்று அவளுக்குப் பட்டது.

"நாளைக்கு நானும் வாறன்," என்றான் அவன். "நான் மேலை நிண்டு தண்ணி ஊத்துறன், நீர் கீழை படுத்து எங்காலை ஒழுகுதெண்டு பாரும். அப்பவாவது என்னை நம்புவீரோ?"

அவள் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். படுக்கப் போகும்போது கைப்பையைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

மறுநாள் பின்னேரம் வெயில் நன்றாக எறித்தது. அருட்செல்வம் ஏணியில் வாளியோடு ஏறினான். யோசெப்பின் சாமான் அறைக்குள் மல்லாந்து, தோள்களைக் குறுக்கி, முதுகால் நகர்ந்து நகர்ந்து உள்ளே போனாள். டீசல் மணத்தோடு, பழைய பிசினின் மணத்தோடு, இவ்வளவு நாளும் உளுத்த மரம் என்று அவள் நினைத்திருந்த அந்தப் புளித்த மணமும் வந்தது. நித்திரையால் எழும்பியவரின் வாய் மணக்கிற மாதிரி. உளுத்த மரத்தை அவள் எப்போதோ எடுத்துக் கொட்டிவிட்டாளே.

டோர்ச்சை விளிம்பில் பிடித்துக் கீறல்களைப் பார்த்தாள். பக்கத்துப் பக்கத்தில், மெல்லிய கோடுகள். அவை அவளுடைய பக்கத்தில் தொடங்கவில்லை. வடிகாலுக்கு அப்பால், படகின் வெளிச்சுவருக்கும் உட்சுவருக்கும் நடுவில், ஒரு சாண் அகலம்கூட இல்லாத இடைவெளியிலிருந்து வந்திருந்தன. அவள் கையை நீட்டிப் பார்த்தாள். குறுக்குப் பலகை தடுத்தது. இந்தப் பக்கத்திலிருந்து யாருடைய கையும் அங்கே எட்டாது.

அருட்செல்வத்தின் கையும்தான்.

"ஊத்துறன்," என்று மேலே அவன் குரல் கேட்டது.

தண்ணீர் தளத்தில் பரவி ஓடிவரும் சத்தம் தலைக்கு மேலே நெருங்கியது. விளிம்பைச் சுற்றி மினுங்கியது. நூலாக இறங்கி அந்த இடைவெளிக்குள் விழுந்தது. கீழே பட்டுத் தெறிக்கும் சத்தத்துக்காக அவள் காதைக் கொடுத்துக் காத்திருந்தாள்.

தெறிக்கவில்லை.

மடக் என்றொரு சத்தம். சற்று விட்டு, மறுபடியும். யாரோ விழுங்கினார்கள்.

அவள் டோர்ச்சைத் திருப்பினாள். வெளிச்சம் இடைவெளியின் இருட்டில் அலைந்து நின்றது.

ஒரு முகம். மேலே பார்த்தபடி. இரண்டு சுவர்களுக்கும் நடுவில் அகப்பட்டு, அந்த இடைவெளியின் அளவுக்கே நசுங்கித் தட்டையாகிப்போன முகம். மூடிய கண்கள். வடிகாலுக்கு நேர் கீழே திறந்த வாய். தாடைக்குப் பக்கத்தில் விரல்கள். நகங்களுக்கு அடியில் வெள்ளைப் பசை.

பின்னால் நகர முயன்றாள். தோள் பலகையில் சிக்கிக்கொண்டது.

"யோசெப்பின்," மேலிருந்து அருட்செல்வம் கூப்பிட்டான். "இவ்வளவு தண்ணி காணுமோ?"

கத்த வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது.

சுவருக்குள்ளிருந்து பதில் வந்தது. ஈரமாக. அவளுடைய குரலில்.

"காணாது. இன்னும் ஊத்துங்கோ."

மேலே வாளி சரிந்தது. தண்ணீர் ஓடிவந்தது. கண்கள் திறந்து அவளைப் பார்த்தபடியே, அந்த வாய் இன்னும் அகலத் திறந்தது.