வாயாடி வாயைப் பொத்தினாள்

அவளுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் வாயாடி. கேள்வி முடிவதற்குள் அவளிடமிருந்து பதில் வந்துவிடும். கேட்காத கேள்விக்கும் வரும்.

அப்பா தையல்காரர். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து, மருத்துவமனையில் படுத்து எழுந்தார். கை பழையபடி தைத்தது. வாய்தான் சொன்னபடி கேட்கவில்லை. நினைப்பதெல்லாம் உள்ளே இருந்தது, வெளியே வரவில்லை. அதனால் வாயாடியே அவருக்கும் சேர்த்துப் பேசினாள்.

பேச்சுப் பயிற்சிக்குப் போன இடத்தில்தான் குழப்பம் ஆரம்பித்தது. பயிற்சி தரும் அக்கா அப்பாவிடம் ஒரு சாவியின் படத்தைக் காட்டினார்.

"இது என்ன சார்?"

"சா... சா..."

"சாவி!" என்று கத்தினாள் வாயாடி.

"பயிற்சி உனக்கா, அப்பாவுக்கா?" என்று அக்கா சிரித்தார். "அவருக்கு அது தெரியும். வார்த்தையைத் தேடிட்டு இருக்கார். நீயே எடுத்துக் குடுத்துட்டா தேடிப் பழகுறது எப்படி? கொஞ்சம் பொறு."

வாயாடிக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருவர் தவிக்கும்போது சும்மா பார்த்துக்கொண்டிருப்பதா உதவி? இந்த அக்காவுக்கு இரக்கமே இல்லையா? வீடு வரும்வரை யோசித்தாள். இன்னும் குழம்பியதுதான் மிச்சம்.

மறுநாள் அவள் அப்பாவின் தையல் கடையில் இருந்தபோது ஒருவர் வந்தார். சட்டை தைக்கக் கொடுத்திருந்த துணியை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"உங்களுக்கு எதுக்குண்ணே சிரமம்? வேற இடத்துல குடுத்துக்கறேன்."

இன்று இவர் போனால் நாளை இன்னொருவர் போவார். அப்புறம் அப்பாவுக்கு வேலையே இருக்காது. வாயாடி அப்பாவைப் பார்த்தாள்.

"நா... நா..." என்றார் அப்பா.

"நாலு மணிக்கு வரணுமா?" என்றார் வந்தவர்.

'நாளைக்குத் தருகிறேன்' என்றுதான் அப்பா சொல்ல வருகிறார். வாயாடிக்குத் தெரியும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்வதா, வேண்டாமா? அக்கா சொன்னது சரியா, தப்பா? ஒன்றும் விளங்காமலே வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு விரல்களை லேசாக விலக்கி, "கொஞ்சம் பொறுங்க அங்கிள். அப்பா சொல்லிட்டு இருக்கார்" என்றாள்.

வந்தவர் துணியோடு நின்றார். அப்பா கண்ணை மூடினார், திறந்தார். நெற்றி வியர்த்தது. வாயாடிக்குத்தான் மூச்சு முட்டியது.

"நா... நானே... தைப்பேன்."

நாளைக்கு இல்லையா! வாயாடி திகைத்துப் போனாள். நல்லவேளை, அவள் முந்திக்கொள்ளவில்லை.

வந்தவர் துணியை மெல்ல மேசைமேல் வைத்தார். "சரிண்ணே. நீங்களே தைங்க. அவசரமில்ல."

அவர் போனதும் அப்பா மகள் பக்கம் திரும்பினார். "எ... எ..." என்று தொடங்கினார்.

என்ன சொல்லப் போகிறார் என்று அவளுக்குக் கொஞ்சமும் தெரியவில்லை. முக்காலியை இழுத்துப்போட்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி நிம்மதியாக உட்கார்ந்தாள்.