வினிகர் ஊறிய கேன்

"மூணாவது தடவை. இன்னும் எத்தனை நாளைக்கு நான் வாயை மூடிட்டு இருக்கிறது?"

மாமியார் தயிர்ப் பானையைச் சாய்த்துக் காட்டினாள். தயிரா அது? தண்ணீராக ஓடியது. காலை காபியோடு உட்கார்ந்திருந்த வீடே தலையைக் குனிந்துகொண்டது. சொந்த மாட்டுப் பாலைத் தயிராக்கி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுக்கும் குடும்பம். வாசலில் பாத்திரத்தோடு வந்து நிற்பவர்களுக்கு யார் பதில் சொல்வது?

பழி முழுக்கப் பெரிய மருமகள் தலையில்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பால் அறையும் கேன்களும் அவள் பொறுப்பு.

"கேன் கழுவ பிளீச்சிங் தண்ணியை நிறுத்தினே, அன்னைக்கே ஆரம்பிச்சுது வினை. வெந்நீராம், வினிகராம்... உடம்பு வணங்கலைன்னா சொல்லிடேன்!"

"சோப்புப் போட்டுத் தேய்ச்சு, கொதிக்கிற தண்ணியில முக்கி எடுத்து, வெயில்ல காய வைக்கிறேன் அத்தை. கிருமி எதுவும்..."

"அம்மா சொல்றதைக் கேட்டுட்டுப் போயேன். எதுக்கு இந்த வீம்பு?" என்றான் புருஷன், அவள் முகத்தைப் பார்க்காமலே. அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

காரணத்தைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பிளீச் வாடை பட்டதும் மாமியார் கொல்லைப்புறச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்ததை அவள் ஒருநாள் பார்த்துவிட்டாள். அந்த அம்மாளோ, பெற்ற பிள்ளைகளிடம் தலைவலி என்றுகூடச் சொல்லாத ஜென்மம். இத்தனை பேர் நடுவில் அதைப் போட்டு உடைத்தால் மாமியாருக்கு எப்படி இருக்கும்? திட்டு தன்னோடு போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் மனசு கேட்கவில்லையே...

"பால் அறைச் சாவியைக் குடு. இனிமே நீ அந்தப் பக்கமே வர வேண்டாம்."

கொடுத்தாள். அவளுக்கென்று அந்த வீட்டில் இருந்தது அந்த ஒரு அறைதான். அதுவும் போயிற்று. அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்தபோதுதான் பகீரென்றது. பெரிய கேனில் பால்கறை விடுவதற்காக வினிகர் ஊற்றி ஊற வைத்திருக்கிறாளே! அதில் பிளீச் விழுந்தால் விஷப் புகையல்லவா கிளம்பும்?

விழுந்தடித்து ஓடினாள். கதவைத் தள்ளியதும் கண்ணும் மூக்கும் எரிந்தன. மாமியார் கேனுக்குப் பக்கத்தில் மடங்கிக் கிடந்தாள், கையில் பிளீச் பாட்டில். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்து, அவளை அக்குளில் கை கொடுத்து முற்றத்துக்கு இழுத்து வந்தாள். புருஷனும் அவன் தம்பியும் ஓடி வந்தார்கள்.

"யாரும் உள்ளே போகாதீங்க. புகை அடங்கட்டும்" என்றவள், மாமியாரை நிமிர்த்தி உட்கார வைத்து நெஞ்சை நீவிவிட்டாள். "உங்களுக்கு இந்த வாடை ஆகாதுன்னுதானே அத்தை நான் அதை நிறுத்தினேன்... நீங்க அந்தச் சுவரோரம் நின்னு தவிச்சதை என் கண்ணால பார்த்தேனே..."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாமியாருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வந்தது. மூச்சோடு அழுகையும் வந்தது.

"நீ கழுவி வெயில்ல வச்ச கேன்ல... திருட்டுத்தனமா நான்தான் மறுபடி பிளீச் ஊத்தினேன். வெந்நீர் போதும்னு நம்பிக்கை வரலை. வாடை தாங்காம, சரியா அலசாமலே ஓடி வந்துடுவேன்."

"அதான், பால்ல பிளீச் கலந்து உறை செத்துப் போச்சு" என்றாள் மருமகள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அப்பாடா, தன் மேல் தப்பில்லை!

"என்னை மன்னிச்சிடு" என்று புருஷன் முனகினான். "அதை அப்புறம் பேசிக்கலாம். முதல்ல ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடுங்க" என்றாள் அவள்.

மாமியார் மருமகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு பிள்ளைகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு ரொம்ப நாளா இந்த இரைப்பு இருக்குடா. டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். நீங்க யாரும் டாக்டர் ரூமுக்குள்ளே வர வேண்டாம். இவ மட்டும் என் பக்கத்துல உட்காரட்டும்."