குழு என்றால் இருவர்

மழையில் தொப்பலாக நனைந்த ஒருவன் அவள் மேஜைமேல் ஒரு காகிதத்தை வைத்தான். அவள் முதலில் காகிதத்தைப் பார்த்தாள். அப்புறம் அவன் கண்களைப் பார்த்தாள்... பார்த்திருக்க வேண்டாம்.

“லேபிள் மேடம் நீங்கதானே? என் மூலக்கூறை எதுக்கு ‘மற்றவை’ல தள்ளினீங்க?”

ஆய்வகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். பத்தாயிரம் மூலக்கூறுகளுக்குள் எந்த வளையம், எந்தத் துண்டு இருக்கிறது என்று கணினியில் தேடி, அதற்குப் பெயர் வைத்துக் குழு பிரிப்பது அவள் வேலை. வீட்டிலும் அதே புத்தி. அக்கா காட்டிய ஏழு மாப்பிள்ளைகளும் ‘மற்றவை’யில்தான் கிடக்கிறார்கள். எட்டாவது ஆள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.

“ஒரே வளையம் ரெண்டு மூலக்கூறுலயாவது இருந்தாத்தான் குழு. உங்களோடது தனி ஆள்.”

“குழு இல்லேன்னா சோதனைக்கே எடுக்க மாட்டாங்க. அஞ்சு மணிக்குப் பட்டியலை மூடிடுவாங்க. பதினாலு மாசம் குடுவையும் கையுமா நின்னிருக்கேன்... உங்க விதிக்குக் கண்ணே இல்லையா?”

கண்ணைப் பற்றி இவன் பேசலாமா...

மூன்று வருடத்தில் அவள் பட்டியலை ஒருவரும் குறை சொன்னதில்லை. “ஜோடி இருக்கான்னு நீங்களே தேடிக்குங்க” என்று திரையை அவன் பக்கம் திருப்பினாள். அவன் தும்மிக்கொண்டே தேடினான். நாலே முக்காலுக்கு ஒரு படத்தில் அவன் விரல் நின்றது.

அதே வளையம். ஹைட்ரஜன் மட்டும் இதில் இடப்பக்கம் இருந்தது, அவன் காகிதத்தில் வரைந்திருந்த படத்தில் வலப்பக்கம். அது சும்மா இருக்காமல் அங்கும் இங்கும் தாவுகிற ஜாதி. எங்கே வரைந்தாலும் பொருள் ஒன்றுதான். அவள் எழுதிய விதியோ இரண்டையும் வேறு வேறு என்று எண்ணி, இரண்டையும் தனி ஆளாக்கிவிட்டது.

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. திருத்தினால் காரணத்தை எல்லோருக்கும் எழுதியாக வேண்டும்.

“நான் தப்பா வரைஞ்சுட்டேன்னு எழுதிடுங்க,” என்றான் அவன் மெதுவாக. “எனக்கு மூலக்கூறு பிழைச்சா போதும்.”

இப்படி ஒருத்தனிடமா சண்டை போட்டோம்... அவளுக்கு மனசு கரைந்துவிட்டது. ‘பிழை என்னுடையது’ என்று எழுதி, ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அனுப்பினாள். குழுவும் பிறந்தது.

அவன் மட்டும் கிளம்பவில்லை.

“இன்னும் என்ன?”

“தனி ஆளுக்குக் குழு கிடையாதுன்னீங்களே... நானும் தனி ஆள்தான். உங்களைப் பிடிச்சிருக்கு.” அவன் காதெல்லாம் சிவந்திருந்தது.

அவள் ஃபோனை எடுத்தாள்.

“அக்கா, ஞாயித்துக்கிழமை அவங்களை வரவேண்டாம்னு சொல்லிடு. எனக்கு இங்க ஒருத்தரைப் பிடிச்சுப்போச்சு.”

“அடிப்பாவி! யாருடி அது? பேர் என்ன?”

கண்ணில் பட்ட வளையத்துக்கெல்லாம் பெயர் வைத்தவள் திருதிருவென்று விழித்தாள்.

“இரு அக்கா... கேட்டுச் சொல்றேன்.”